மின்சாரம் பாடக் கற்ற கதை



நம் கொம்யூன்களில் இசை ஒலிக்காத ஊர் எதுவும் இல்லை. வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர் அசையும்போது நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. அதே ஊரின் லூர்து மாதா திருத்தலத்தில் பாடகர் குழு பாடும்போது ஆர்மோனியமோ கீபோர்டோ துணை நிற்கின்றது. இவ்விரு வகைக் கருவிகளையும் கவனித்துக் கேட்பவருக்கு ஒரு வேற்றுமை எளிதில் புலப்படும். நாதஸ்வரம் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும், வளையும், அசையும். ஆர்மோனியமோ ஒரு சுரத்தை விட்டு இன்னொரு சுரத்திற்குத் தாவும். முன்னது சரிவுப் பாதை, பின்னது படிக்கட்டு.

எங்கள் பள்ளியில் கீபோர்டு பழகும் மாணவியர் பலர் பாட்டு வகுப்பிற்கும் வருகின்றனர். "பாட்டில் வருகின்ற வளைவு கீபோர்டில் ஏன் வருவதில்லை?" என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் இன்றைய கீபோர்டின் முன்னோரான சிந்தசைசர் என்னும் கருவியை அறிய வேண்டும். ஆகவே எங்கள் அறிவியல் மன்றத்தாரும் இசை வகுப்பாரும் சேர்ந்து இப்பாடத்தை எழுதியுள்ளோம். மின்சாரத்தால் ஒலி எவ்வாறு பிறக்கின்றது, அக்கருவி எவ்வாறு படிப்படியாகத் திருத்தப்பட்டது, நம் இசைக்கு அதில் இடம் உண்டா என்னும் மூன்றையும் முறையாகக் காண்போம்.

ஒலியின் மூன்று குணங்கள்

எந்த இசை ஒலியையும் மூன்று கேள்விகளால் ஏறக்குறைய முழுமையாக விவரித்து விடலாம்.

முதற் கேள்வி: ஒலி எவ்வளவு உயரத்தில் உள்ளது? இதுவே சுருதி. ஒரு வினாடிக்கு 220 முறை அதிரும் ஒலியைவிட 440 முறை அதிரும் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 880 முறை அதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்தாயி மேலே. அதாவது, அதிர்வெண் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்தாயி உயர்கின்றது.

இரண்டாம் கேள்வி: ஒலியின் நிறம் எத்தகையது? ஒரே சுருதியில் புல்லாங்குழலும் வீணையும் ஒலித்தாலும் எது குழல், எது வீணை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லி விடுகிறோம். காரணம், பெரும்பாலான ஒலிகளில் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என மேற்சுரங்களும் கலந்துள்ளன. எந்த மேற்சுரம் எவ்வளவு உள்ளது என்பதே ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கின்றது. புல்லாங்குழலில் மேற்சுரங்கள் குறைவு. ஆகவே அது மென்மையானது. நாதஸ்வரத்தில் அவை மிகுதி. ஆகவே அது தெரு முழுவதும் கேட்கின்றது.

மூன்றாம் கேள்வி: ஒலி காலத்தில் எவ்வாறு பிறந்து எவ்வாறு மறைகின்றது? வீணைத் தந்தியை மீட்டியதும் ஒலி சட்டென்று எழுந்து மெல்ல மெல்லத் தேய்கின்றது. ஆர்மோனிய ஒலி, கட்டையை அழுத்தியிருக்கும் வரை நிலைத்து நின்று, விரலை எடுத்ததும் நின்று விடுகின்றது. கோயில் மணியோசை அடித்த கணத்தில் உச்சத்தை அடைந்து, நெடுநேரம் ரீங்கரித்துப் பின் அடங்குகின்றது.

கேள்விக்கு ஒரு பகுதி

சிந்தசைசரை அமைத்தவர்களின் சிறப்பு, இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு மின்சுற்றை விடையாகத் தந்ததுதான்.

ஆசிலேட்டர் என்னும் அலையியற்றி சுருதியைத் தருகின்றது. அது வெறும் சுருதியை மட்டுமன்றி மேற்சுரங்கள் நிறைந்த கச்சா ஒலியையும் தருகின்றது. ரம்பத்தின் பல்லைப் போன்ற வடிவம் கொண்ட அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும். கேட்பதற்குக் கூர்மையாக இருக்கும். சதுர அலையில் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் இருக்கும். கிளாரினெட்டை நினைவூட்டும் ஒரு வெறுமை அதில் கேட்கும்.

வடிகட்டி, இந்தக் கச்சா ஒலியிலிருந்து வேண்டாத மேற்சுரங்களை நீக்குகின்றது. சல்லடையின் கண் அளவை மாற்றினால் மாவின் நயம் மாறுவதுபோல, வடிகட்டியின் எல்லையை மாற்றினால் ஒலியின் நிறம் மாறுகின்றது. சிற்பி கல்லைச் செதுக்கி உருவம் காண்பதுபோல் இங்கு ஒலியைக் குறைத்தே உருவம் காண்கின்றனர்.

பெருக்கி, ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கின்றது. அதற்கு ஆணையிடுவது உருவரைச் சுற்று. ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வளவு தணிய வேண்டும், எந்த அளவில் நிலைக்க வேண்டும், விரலை எடுத்தபின் எவ்வளவு நேரத்தில் ஓய வேண்டும் என்னும் நான்கும் இச்சுற்றிலேயே அமைக்கப்படுகின்றன. இந்நான்கையும் மாற்றினால், அதே அலை வீணை மீட்டலாகவும் ஒலிக்கும். ஆர்மோனிய நீட்டலாகவும் ஒலிக்கும்.

இப்பகுதிகளை எல்லாம் இணைக்கும் அடிப்படைக் கருத்து ஒன்று உண்டு. அதுதான் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்துதல். பாகூர் ஏரியின் மதகை எண்ணிப் பாருங்கள். மதகுப் பலகையைச் சிறிது உயர்த்தினால் பெருவெள்ளம் பாய்கின்றது, தாழ்த்தினால் அடங்குகின்றது. சிறு அசைவு பெரும் ஓட்டத்தை ஆள்கின்றது. அதுபோலவே சிந்தசைசரில் ஒரு சிறு மின்னழுத்தம் சுருதியையோ, நிறத்தையோ, அளவையோ ஆள்கின்றது. ஒரு வோல்ட்டு கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது பெரும்பாலான கருவிகளில் பின்பற்றப்பட்ட விதி. அவ்வாறாயின் ஓர் அரைச் சுரத்திற்கு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

மதகைத் திறப்பவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா? ஓர் ஆசிலேட்டரின் மின்னழுத்தமே இன்னொன்றின் மதகைத் திறந்து மூடலாம். வினாடிக்கு ஐந்தாறு முறை மெதுவாக அலையும் ஆசிலேட்டர் சுருதியை ஆட்டினால் பாடகரின் குரல் நடுக்கம் கிடைக்கின்றது. வடிகட்டியை ஆட்டினால் ஒலி வாய் திறந்து மூடுவதுபோல் கேட்கின்றது. பெருக்கியை ஆட்டினால் ஒலி துடிக்கின்றது. சில சுற்றுகளிலிருந்து எண்ணற்ற ஒலிகள் பிறப்பதன் இரகசியம் இதுவே.

ராபர்ட் மோக்கும் அவருக்கு முன்னோரும்

மின்சாரத்தைப் பாட வைக்கும் முயற்சி மிகப் பழையது. ரஷ்ய நாட்டு லியோன் தெரமின் 1920-இல் அமைத்த கருவியைத் தொடவே வேண்டியதில்லை. அதன் அருகே காற்றில் கையை அசைத்தால் சுருதி மாறும். பிரெஞ்சு நாட்டு மோரீஸ் மார்த்தனோ 1928-இல் பாரிஸ் நகரில் மேடையேற்றிய கருவியில், விரலில் மாட்டிய வளையத்தை ஒரு நாடாவின் வழியே நகர்த்திச் சுருதியை வழுக்கலாம். இவ்விரு முன்னோடிகளும் படிக்கட்டை விட்டுச் சரிவையே நாடியவை என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மோக் (1934–2005) இளமையில் தெரமின் கருவிகளைச் செய்து விற்றவர். 1963-இல் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரைச் சந்தித்தார். இருவரும் கலந்து உழைத்ததன் பயனாக 1964-இல் மின்னழுத்தத்தால் ஆளப்படும் சிந்தசைசரின் முதல் உருவம் பிறந்தது. டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. அக்கருவியின் வடிகட்டியில் டிரான்சிஸ்டர்கள் இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருந்தன. வரைபடத்தில் அது ஏணி போலத் தோன்றியதால் ஏணி வடிகட்டி எனப் பெயர் பெற்றது. எல்லைக்கு மேலே ஒரு ஸ்தாயி உயர்ந்தால் ஒலியின் வீச்சைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதற்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொனால்டு புக்லா என்பவர் வேறொரு சிந்தசைசரைச் செய்தார். அவர் கருவியில் பியானோக் கட்டைகளே இல்லை. தொடுதகடுகள் மட்டும் இருந்தன. பழைய கட்டைகளை வைத்தால் பழைய இசையே வரும் என்பது அவர் எண்ணம். மோக் கட்டைகளை வைத்தார். பியானோ கற்றவர்கள் உடனே வாசித்தனர். அதனால் அவர் கருவியே உலகெங்கும் பரவியது. பரவியதன் விலை என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

1968-இல் வெண்டி கார்லோஸ், தேவாலய இசையில் புகழ்பெற்ற பாக் அவர்களின் படைப்புகளை மோக் கருவியில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அக்கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். அந்த இசைத்தட்டு 1970-இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. இக்கருவியை வெறும் ஆய்வகப் பொருள் என்று எண்ணியவர்களும் அதன்பின் இசைக்கருவி என ஏற்றனர். விரலின் அழுத்தத்தை உணரும் கட்டைகள் வேண்டும் என்று மோக்கிடம் வற்புறுத்தியவரும் அவரே.

ஐந்து திருத்தங்கள்

ஒரு கருவி ஒரே நாளில் நிறைவு பெறுவதில்லை. பயன்படுத்துவோர் குறை சொல்ல, செய்வோர் திருத்த, அது வளர்கின்றது. சிந்தசைசரின் வளர்ச்சியில் ஐந்து திருத்தங்கள் முதன்மையானவை.

முதலாவது, உருவரைச் சுற்று. தொடக்கத்தில் ஒலியின் எழுச்சியையும் ஓய்வையும் அமைக்க ஒழுங்கான முறை இல்லை. 1965-இல் கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தின் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி, எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்னும் நான்கு பகுதிகள் வேண்டும் என்று வரையறுத்துக் கேட்டார். இன்று கைப்பேசியில் கிடைக்கும் இசைச் செயலியிலும் அதே நான்கு குமிழ்கள் உள்ளன.

இரண்டாவது, கம்பிகளை ஒழித்தது. முதல் மோக் கருவியில் ஒவ்வொரு பகுதியையும் இன்னொன்றோடு கம்பியால் இணைக்க வேண்டும். ஓர் ஒலியை அமைக்கப் பத்துக் கம்பிகள் கூடத் தேவைப்படும். மேடையில் இது இயலாது. 1970-இல் உருவான மினிமோக் கருவியில் ஆசிலேட்டர், வடிகட்டி, பெருக்கி என்ற இணைப்பு வரிசை உள்ளேயே நிலையாக அமைக்கப்பட்டது. மூன்று ஆசிலேட்டர்கள், 44 கட்டைகள்; ஒருவரே தூக்கிச் செல்லலாம். சுதந்திரம் சிறிது குறைந்தது. வசதி பெரிதும் கூடியது.

மூன்றாவது, வெப்பத்தை வென்றது. வெயில் ஏறினால் மிருதங்கத்தின் சுருதி மாறுவதை நாம் அறிவோம். டிரான்சிஸ்டருக்கும் இக்குறை உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால், ஒரு ஸ்தாயிக்குத் தேவையான மின்னழுத்தம் சுமார் 0.33 விழுக்காடு மாறுகின்றது. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் காலை 26 டிகிரி, பிற்பகல் 36 டிகிரி என்னும் நம் ஊர்க் கோடை நாளில் 10 டிகிரி வேறுபாட்டிற்கு 3.3 விழுக்காடு ஆகின்றது. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு அரைச் சுரங்கள் உள்ளன, அதில் 3.3 விழுக்காடு என்பது ஏறத்தாழ 0.4 அரைச் சுரம். அதாவது காலையில் சேர்த்து வைத்த ஸ்தாயி மாலையில் அபசுரமாகிவிடும்! இதற்கு மாற்றாக, ஒரே தன்மையுள்ள இரு டிரான்சிஸ்டர்களை ஒட்டி வைத்து ஒன்றின் பிசகை மற்றொன்றால் ஈடு செய்தனர். வெப்பத்தோடு அதே 0.33 விழுக்காடு அளவில் மாறும் மின்தடையை எதிரெடையாக வைத்தனர். சில சுற்றுகளில் டிரான்சிஸ்டர்களைத் தாமே சூடாக்கி, எப்போதும் ஒரே வெப்பத்தில் நிற்கச் செய்தனர். ஊரின் வெப்பம் எதுவாயினும் உள்ளே வெப்பம் மாறாது என்பதே இதன் தந்திரம்.

நான்காவது, பல குரலும் நினைவாற்றலும். 1978-இல் டேவ் ஸ்மித் வெளியிட்ட புராஃபெட்-5 ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலித்தது. அதனுள் ஒரு நுண்செயலி இருந்தது. குமிழ்களின் நிலைகளை அது நினைவில் வைத்தது. முதலில் 40 ஒலிகளைச் சேமிக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா ஆசிலேட்டர்களையும் அதுவே சுருதி சேர்த்தும் தந்தது. 1981-இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் எட்டுக் குரல் கொண்ட ஜூப்பிட்டர்-8 கருவியை வெளியிட்டது. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொதுமொழியும் வந்தது.

ஐந்தாவது, கைக்குக் கொடுத்த சக்கரம். மினிமோக்கின் இடப்புறம் இரு சிறு சக்கரங்கள் இருந்தன. ஒன்றை உருட்டினால் வாசிக்கும் சுரம் சற்றே மேலோ கீழோ வளையும். மற்றொன்றால் குரல் நடுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வலக்கை சுரத்தைத் தேர்ந்தெடுக்க, இடக்கை அச்சுரத்தை உயிர்ப்பிக்கும். ஐந்தில் இதுவே எளியது. ஆயினும் நம் இசைக்கு இதுவே மிகப் பெரியது என்பது எங்கள் கருத்து.

இந்திய மண்ணில் மின்னிசை

சிந்தசைசர் இந்தியாவிற்கு வெகு காலம் கழித்தே வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஆமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-ஆம் ஆண்டிலேயே ஒரு மோக் கருவி நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அங்கு மின்னணு இசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார். இம்முயற்சியோடு தொடர்புடையவர் கீதா சாராபாய் (1922–2011). பெண்கள் பெரும்பாலும் தொடாத பக்வாஜ் என்னும் தாளக் கருவியைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் மேலை இசையைக் கற்று, அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். ஆமதாபாத் கூடத்தில் அவரும் வேறு சில இந்தியரும் 1969 முதல் 1972 வரை மின்னிசைப் படைப்புகளை உருவாக்கினர். பிறகு அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்தன. 2017-இல் பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் அத்துணை முற்காலத்தில் இத்துறையில் நின்றார் என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து இராகங்களைச் சிந்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு செய்தார். ஜூப்பிட்டர்-8 கருவியோடு, ரோலண்டின் சிறு பேஸ் கருவி ஒன்றையும் தாளக் கருவி ஒன்றையும் அவர் இணைத்தார். அந்தச் சிறு பேஸ் கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வசதி இருந்தது. வெளியான காலத்தில் அதிகம் கவனிக்கப்படாத அந்தத் தட்டு 2010-இல் மறுபடியும் வெளியிடப்பட்டு உலகெங்கும் வியந்து கேட்கப்பட்டது. தமிழ்த் திரையிசையில் இளையராஜா 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திற்குக் கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வழியாக ஏ. ஆர். ரகுமான் மின்னிசையை வீடுதோறும் கொண்டு சேர்த்தார். மேடைக் கச்சேரிக்கும் மின்சாரம் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை அறிமுகப்படுத்தினார். இன்று பாட்டு வகுப்புகளில் நாம் காணும் சுருதிப் பெட்டிகள் அவ்வழியில் வந்தவையே.

படிக்கட்டா, சரிவா?

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். நம் இசையில் சுரம் என்பது ஒரு புள்ளி மட்டுமன்று. ஒரு பாதையும் ஆகும். தோடி இராகத்தின் காந்தாரத்தை அசையாமல் நேராக நிறுத்திப் பாடினால், சுரம் சரியாயிருந்தும் தோடி தோன்றாது. அக்காந்தாரம் கீழும் மேலும் ஆடி அசையும்போதே இராகம் உயிர் பெறுகின்றது. இந்த அசைவே கமகம்.

கட்டைக் கருவிகளில் கமகம் வராது என்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கு. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆர்மோனியத்தில் உள்ளே இருப்பது பித்தளை நாக்கு. ஒவ்வொரு நாக்கும் ஒரே சுருதியில்தான் அதிரும். ஆகவே அங்கே குறை கருவியின் உடலிலேயே உள்ளது.

சிந்தசைசரின் நிலை வேறு. அதன் ஆசிலேட்டருக்குப் படிகளே கிடையாது. இரண்டு வோல்ட்டிற்கும் மூன்று வோல்ட்டிற்கும் இடையே எத்தனை மின்னழுத்தங்கள் உண்டோ அத்தனை சுருதிகளும் அதனால் பாட முடியும். அனலாக் என்பதன் பொருளே அதுதான்: மின்னழுத்தம் ஏரி நீர்மட்டம் போலத் தொடர்ச்சியாக ஏறி இறங்குகின்றது. படிக்கட்டாக இருப்பது மேலே வைத்த கட்டைப் பலகை மட்டுமே. உள்ளே நாதஸ்வரத்தின் இயல்பு. வெளியே ஆர்மோனியத்தின் உடை! மோக் கட்டைகளை வைத்ததன் விலை இதுவே.

இதற்கு இரு வழிகளில் தீர்வு தேடினர். முதல் வழி, படிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. இவ்வழியில் சென்றவருக்கு நம் புதுச்சேரியோடு தொடர்பு உண்டு. அலென் தனியேலு (1907–1994) என்னும் பிரெஞ்சு அறிஞர், 1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1956 முதல் பணியாற்றினார். என். ஆர். பட் அவர்களோடு சேர்ந்து 'கீதாலங்காரம்' என்னும் பழைய இசை நூலை 1959-இல் இங்கிருந்து பதிப்பித்தார். சுரங்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளைக் கணக்கிடுவதிலேயே அவர் வாழ்நாள் ஆர்வம் இருந்தது. அவர் கணக்கைக் கொண்டு சுவிட்சர்லாந்துப் பொறியாளர்கள் ஒரு ஸ்தாயியில் 52 சுரங்கள் ஒலிக்கும் மின்னணுக் கருவியைச் செய்தனர். நுட்பமான முயற்சி, ஐயமில்லை. எனினும் 12 படியானாலும் 52 படியானாலும் படி படியே. கமகம் படிகளில் நிற்பதன்று; படிகளுக்கு இடையே நடப்பது.

இரண்டாம் வழி, படிகளை விட்டுக் கையை விடுதலை செய்வது. தெரமினும் மார்த்தனோவின் வளையமும் மினிமோக்கின் சக்கரமும் இவ்வழியைச் சேர்ந்தவை. இன்றைய கீபோர்டுகள் பெரும்பாலும் எண்களால் இயங்குபவை, அனலாக் அல்ல. ஆயினும் மிடி மொழியில் சக்கரத்தின் அசைவுக்கு 16,384 நிலைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வளவு நுண்ணிய படிகள் காதுக்குச் சரிவாகவே கேட்கும். சென்னையைச் சேர்ந்த கே. சத்யநாராயணன் அவர்கள் சிறு வயதிலிருந்தே கீபோர்டில் கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்து வருகின்றார். வலக்கை கட்டையிலும் இடக்கை சக்கரத்திலும் இருக்க, கட்டைக் கருவியில் கமகம் கேட்கின்றது. "வராது" என்ற தீர்ப்பு கட்டைக்குப் பொருந்தும், மின்சாரத்திற்குப் பொருந்தாது.

செய்து பார்ப்போம்

பாடத்தைப் படித்தால் போதாது; செய்து பார்த்தாலே மனத்தில் நிற்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

1. வாயே வடிகட்டி: ஒரே சுருதியில் மூச்சு விடாமல் "ஊ, ஓ, ஆ, ஏ, ஈ" என்று மாற்றிப் பாடுங்கள். சுருதி மாறவில்லை, நிறம் மட்டும் மாறுகின்றது. தொண்டை ஆசிலேட்டர், வாய் வடிகட்டி. ஒரு குமிழை மெல்லத் திருகினால் சிந்தசைசரில் நிகழ்வதும் இதைப் போன்றதே.

2. விசிறியே மெது அலை: சுழலும் மேசை விசிறிக்கு முன்னே, கையை நீட்டாமல் தள்ளி நின்று, ஒரு சுரத்தை நீட்டிப் பாடுங்கள். குரல் துடிப்பதைக் கேட்கலாம். விசிறியின் வேகத்தை மாற்றினால் துடிப்பும் மாறும்.

3. உருவரை வரைதல்: கை தட்டல், ஆலய மணி, புல்லாங்குழல், வீணை ஆகிய நான்கிற்கும் ஒலி எழுந்து அடங்கும் விதத்தைக் கோடாகக் குறிப்பேட்டில் வரையுங்கள். தோழியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

4. சக்கரப் பயிற்சி: சக்கரமுள்ள கீபோர்டு கிடைத்தால் ஒரு கட்டையை அழுத்தியபடியே சக்கரத்தை உருட்டுங்கள். பல கருவிகளில் சுரம் இரண்டு அரைச் சுரம் வரை வளையும். முதலில் வாயால் பாடி, பின்பு அதே வளைவைச் சக்கரத்தில் தேடுங்கள். பாடத் தெரியாத வளைவைக் கை ஒருபோதும் கண்டுபிடிக்காது.

முடிவுரை

மாணவியரே, சிந்தசைசரின் கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே. கருவியின் எல்லை எது, அதன்மேல் நம் பழக்கம் போட்ட எல்லை எது என்று பிரித்தறிய வேண்டும். கீபோர்டில் "புல்லாங்குழல்" என்ற பொத்தானை அழுத்தி, வந்ததை வாசிப்பது எளிது. ஆனால் எழுச்சியை மாற்றினால் என்ன, வடிகட்டியைத் தாழ்த்தினால் என்ன, சக்கரத்தை அசைத்தால் என்ன என்று கேட்பவளே இசையையும் அறிவியலையும் ஒருங்கே கற்கின்றாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கீபோர்டு வாங்க எண்ணுவோர், அதில் எத்தனை நூறு ஒலிகள் உள்ளன என்று பார்ப்பதற்கு முன், இடப்புறம் சக்கரம் உண்டா என்று பாருங்கள். அதற்கும் முன்பாகப் பிள்ளையைப் பாட்டு வகுப்பிற்கு அனுப்புங்கள். குரலில் வந்த கமகமே கைக்கு இறங்கும். கையில் உள்ளதைத்தான் மின்சாரம் பாடும்.

பயிற்சி வினாக்கள்

1. ரம்பப்பல் அலைக்கும் சதுர அலைக்கும் மேற்சுரங்களில் உள்ள வேற்றுமை யாது?
2. 220 அதிர்வெண் தரும் மின்னழுத்தத்தோடு இரண்டு வோல்ட்டு கூட்டினால் அதிர்வெண் எவ்வளவு ஆகும்?
3. வெப்பத்தால் ஆசிலேட்டரில் ஏற்படும் குறைக்குச் செய்யப்பட்ட மூன்று மாற்றுகளைக் கூறுக.
4. ஆர்மோனியத்தின் குறையும் சிந்தசைசரின் குறையும் எவ்வாறு வேறுபடுகின்றன? உமக்குத் தெரிந்த ஓர் இராகத்தைக் கொண்டு விளக்குக.